பென்சிலோடு உளியையும் எடுங்கள்: புதுச்சேரியில் வரையத் தொடங்கியிருப்போருக்கு ஒரு திறந்த மடல்



பள்ளி நாட்களில் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியாரிடம் பறிகொடுத்தவர்கள் நீங்கள். முப்பதிலோ ஐம்பதிலோ, யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாமல், ஒரு ஸ்கெட்ச் புக் வாங்கியிருக்கிறீர்கள். உங்களில் வங்கி ஊழியர் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரையும் அம்மாக்கள் உண்டு. ஆலை மூடிய பின் வீட்டோடு இருக்கும் தொழிலாளி உண்டு. ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவர்களும் உண்டு. ஞாயிறு காலையில் பீச் ரோட்டிலும் பாரதி பூங்காவிலும் மடியில் அட்டையோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வரைய நன்றாகப் பழகிய பிறகு அச்சு ஓவியத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் மாதத்திலேயே உள்ளங்கை அகல லினோத் துண்டு (செதுக்கி அச்செடுக்கும் பலகை) ஒன்றையும் சிறு உளி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் சொல்லித்தரும் வரிசை வேறு. முதலில் பென்சில், அடுத்து நீர்வண்ணம், அதன்பின் எண்ணெய் வண்ணம். மரத்திலும் லினோவிலும் செதுக்குவது, செப்புத் தகட்டில் கீறி அமிலத்தில் அரிக்கவிடுவது, கல்லில் வரைந்து அச்செடுப்பது எல்லாம் கல்லூரியில் சேர்ந்து படிப்பவர்களுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். பெரிய இயந்திரம், அமிலம், தனிக்கூடம் என்றெல்லாம் கேட்டதும் நமக்கும் அது எட்டாத சமாச்சாரமாகத் தோன்றிவிடுகிறது. செப்புத் தகட்டுக்கும் கல்லச்சுக்கும் இதெல்லாம் தேவைதான். லினோவுக்குச் சமையலறை மேசை போதும்.

வரையத் தொடங்குகிறவர்களின் தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பழக்கம்தான் தெரிகிறது. ஒரு கோடு போட வேண்டிய இடத்தில் பத்து மெல்லிய கீற்றுகள். எது சரியென்று தீர்மானிக்காமல் எல்லாவற்றையும் விட்டுவைப்பது. பிறகு ரப்பரால் தேய்ப்பது, தேய்த்த இடத்தில் மறுபடியும் அதே தயக்கம். பென்சில் மன்னிக்கிற கருவி என்பதால் இந்தத் தயக்கம் ஆண்டுக்கணக்கில் கூடவே வந்துவிடும். லினோவில் அதற்கு வழியில்லை. உளி பட்ட இடம் வெள்ளை, படாத இடம் கறுப்பு. வெட்டுவதற்கு முன்பே, இந்தத் தூணின் விளிம்பு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். ஒரு லினோவைச் செதுக்கி முடித்த கையோடு பென்சிலை எடுத்துப் பாருங்கள். கோடு முன்பைவிட உறுதியாக விழுவதை நீங்களே காண்பீர்கள்.

இந்த ஊருக்குக் கோடும் அச்சும் புதிதல்ல. 1734-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல் அதிகாரியான ஆந்துவான் தெ போலியெ என்பவர், புதுச்சேரியில் துணிக்குச் சித்திரம் எழுதிய கைவினைஞர்களின் வேலையைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக் குறித்துவைத்தார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். தாளில் வரைந்த சித்திரத்தின் கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். துளை வழியே இறங்கிய கரிப்புள்ளிகளைத் தொடர்ந்துபோய் எழுதுகோலால் கோடு இழுப்பார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல், சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும், நீலத்துக்கு அவுரி. சோழமண்டலக் கரையிலிருந்து போன இத்தகைய துணிகளுக்குப் பிரான்சில் இருந்த மோகத்தைக் கண்டு அஞ்சி, உள்ளூர் நெசவைக் காக்க 1686-லிருந்து 1759 வரை அவற்றுக்குத் தடையே விதித்திருந்தார்கள்.

போலியெ செய்த ஒரு காரியம் உங்களுக்கும் உதவும். வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறிப்போடு சேர்த்துவைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அச்சு ஓவியர்களும் இதையே செய்கிறார்கள். பாதி செதுக்கியதும் ஒரு சோதனைப் பிரதி, இன்னும் கொஞ்சம் செதுக்கி இன்னொன்று. ரெம்பிராண்ட் 1653-ல் கீறிய ‘மூன்று சிலுவைகள்’ ஐந்து நிலைகளில் நமக்குக் கிடைக்கிறது. ஒரே தகட்டில் அவர் எதை அழித்தார், எதை இருளில் தள்ளினார் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். உங்கள் சோதனைப் பிரதிகளையும் தூக்கி எறியாதீர்கள். தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். ஓர் ஆண்டு கழித்து உங்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

அச்சு இயந்திரத்தின் கதையிலும் புதுச்சேரிக்கு இடமுண்டு. 1761-ல் ஐர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்தபோது, கவர்னர் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரிசியுஸ் கைக்கு வந்தது. அவருடைய தமிழ் அகராதி 1779-ல் அங்கேதான் வெளியானது. பறிபோன கலை இங்கே மறுபடியும் வேர்விட்டது. 1855-ல் புதுச்சேரி மிஷன் அச்சகம் தமிழ்–பிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது.

பிறகு பாரதி வந்தார். 1908-ல் சென்னையிலிருந்து இங்கே இடம் மாறிய அவருடைய ‘இந்தியா’ வார இதழ் 1910-ல் நிற்கும்வரை கருத்துப்படங்களோடு வந்தது. தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிபோட்டது அந்த இதழ்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் சேதி போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அந்தப் படங்களில் இருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். கிடைத்தால் வாங்கி, படங்களை மட்டும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். குறைந்த கோடுகளில் ஆளையும் நிலைமையையும் அடையாளம் காட்டும் வித்தை அதில் இருக்கிறது. செதுக்கக் கற்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

வரைவதற்கு இந்த ஊரின் வெயிலே முதல் துணை. நகரத்தின் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. கிழக்கு மேற்கான தெருக்களின் முனையில் கடல். சூரியன் கடலிலிருந்து எழும்போது வெளிச்சம் அந்தத் தெருக்களின் வழியே தாழ்வாக உள்ளே வருகிறது. காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு தூணுக்கும் நீளமான நிழல் உண்டு, ஒவ்வொரு சன்னல் விளிம்புக்கும் கூர்மையான கறுப்பு உண்டு. அந்த நேரத்தில் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நடுவே உள்ள சாம்பல் நிறங்களெல்லாம் கரைந்து, தெரு கறுப்பு வெள்ளை என்று இரண்டாகப் பிரிந்துவிடும். உங்கள் லினோவுக்கு வேண்டிய படம் அங்கேயே தயாராகிவிட்டது. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டிய நாட்களிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அந்த உச்சி வேளையில் வெளியில் வரையாமல் வீட்டுக்குள் செதுக்குங்கள்.

எதை வரைவது என்று கேட்பீர்கள். மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் சைக்கிளும் சேர்ந்த படத்தை ஊருக்கு வருகிற எல்லோரும் எடுத்தாகிவிட்டது. பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வாருங்கள். வைசியாள் வீதியில் நில்லுங்கள். கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண்கள். மேல்மாடியில் வளைவுச் சன்னல்களும் சுதை வேலைப்பாடும். தமிழ் வீடும் பிரெஞ்சு வீடும் ஒரே முகப்பில் இருக்கின்றன. ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து ஒரு முறை, எதிர் வாசலிலிருந்து ஒரு முறை, திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடி ஒரு முறை வரையுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். பெரும்பாலும் காபியும் வரும்.

வரையும்போது ரப்பரை வீட்டில் விட்டுவிடுங்கள். எச்பி பென்சில் ஒன்றும் 4பி ஒன்றும் போதும், பால்பாயிண்ட் பேனா இன்னும் நல்லது. கையை நீட்டிப் பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் அளவெடுங்கள். தூணின் அகலம் அதன் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டால் பாதித் தவறு வராது. தூணை மட்டும் பார்க்காமல், இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தையும் வரையுங்கள். நாம் தூணை ‘தெரிந்த பொருளாக’ வரைந்துவிடுகிறோம். வெற்றிடத்துக்கு மனத்தில் முன்கூட்டிய உருவம் இல்லாததால் அதைக் கண்ணால் பார்த்துத்தான் வரைய முடியும். தாளைப் பார்ப்பதைவிட எதிரே இருப்பதை அதிக நேரம் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு படத்துக்கு இருபது நிமிடம் போதும். மணிக்கணக்கில் உட்கார்ந்து மெருகேற்றுவது பிறகு வரட்டும்.

அதில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து லினோவுக்குக் கொண்டுபோங்கள். லினோ என்பது ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, பின்புறம் சணல் துணி ஒட்டிய பலகை. முதலில் தரைவிரிப்புக்காகச் செய்யப்பட்டது. மரத்தைப் போல் இழையோட்டம் இல்லாததால் எந்தப் பக்கமும் வெட்டலாம். வெயிலில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் இளகி, உளி வழுக்கிக்கொண்டு போகும். நம் ஊர் மொட்டை மாடியில் அதற்குப் பஞ்சமில்லை. அதிக நேரம் விட்டால் வளைந்துவிடும், கவனம்.

அச்சில் படம் இடம் வலமாக மாறி விழும். எனவே படத்தை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைப் புரட்டிப் போட்டு லினோவில் பதியுங்கள். கடைப் பலகையும் தெருப் பெயரும் படத்தில் இருந்தால் இது மிக முக்கியம். ‘ழ’வையும் ‘ண’வையும் கண்ணாடிப் பிம்பமாக எழுதுவது எளிதல்ல, டிரேசிங் தாள் அந்தத் தலைவலியைத் தீர்த்துவிடும். வெட்டத் தொடங்குமுன், கறுப்பாக நிற்க வேண்டிய பகுதிகளை எல்லாம் மார்க்கரால் நிரப்பிவிடுங்கள். எதைத் தொடக்கூடாது என்பது அப்போதுதான் கண்ணில் நிற்கும்.

உளியில் ‘வி’ வடிவம் மெல்லிய கோட்டுக்கு, ‘யு’ வடிவம் பெரிய இடத்தைத் துடைத்தெடுக்க. இரண்டு விதிகளை மட்டும் ஒருபோதும் மீறாதீர்கள். லினோவைப் பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். வளைவு வந்தால் உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள். தொடக்கக்காரர்களுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மறந்ததால் வருபவை. மழுங்கிய உளி கூரான உளியைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், தள்ளும்போது சறுக்கும்.

மைக்கு வாருங்கள். தண்ணீரில் கழுவக்கூடிய லினோ மை சுத்தம் செய்ய எளிது, ஆனால் மின்விசிறிக் காற்றில் சட்டென்று உலர்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். பக்கத்து ஆஃப்செட் பிரஸ்ஸில் தெரிந்தவர் இருந்தால் ஒரு சின்ன டப்பாவில் கறுப்பு மை கேளுங்கள். அது எண்ணெய் மை, லினோவில் அருமையாகப் பிடிக்கும். சமையல் எண்ணெயும் பழைய துணியும் கொண்டு துடைத்துவிடலாம். மையைக் கண்ணாடிப் பலகையில் பரப்பி ரோலரை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மை ஒரே சீராக மெல்லிசாகப் பரவியதும் ரோலரிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வரும். மை தடித்திருந்தால் அந்தச் சத்தம் வராது. தடித்த மை மெல்லிய கோடுகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும், நீங்கள் மணிக்கணக்கில் வெட்டியது ஒரு கணத்தில் கறுப்பாகிவிடும்.

தாளை மெதுவாக லினோமேல் வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம்வரை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொடுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். மை போதாத இடம் தெரிந்தால் மூலையைத் திரும்ப வைத்து அந்த இடத்தை மட்டும் தேய்க்கலாம். முதல் ஒன்றிரண்டு பிரதிகள் வெளிறித்தான் வரும். லினோ மையைக் குடித்துப் பழக வேண்டும். அதன்பிறகுதான் நல்ல பிரதிகள் விழும். துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் எண்ணெய் மை உலர நாள்கணக்கில் ஆகும். தாளும் காற்றின் ஈரத்தை வாங்கிப் பூஞ்சைப் புள்ளி பிடிக்கும், பிளாஸ்டிக் உறையில் தட்டையாக வைத்து பீரோவில் பத்திரப்படுத்துங்கள்.

தாள் விஷயத்தில் நம் ஊருக்குக் கொடுப்பினை அதிகம். எஸ்.வி. படேல் சாலையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தயாரிப்புக் கூடம் 1959 முதல் இயங்குகிறது. மரக்கூழ் கலக்காமல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் எடுக்கிறார்கள். பருத்தி இழை நீளமானது, அதனால் ஈரப்படுத்தி அழுத்தினாலும் கிழியாது, காலத்தால் எளிதில் மஞ்சளாவதில்லை. உலகின் பல ஊர்களில் அச்சு ஓவியர்கள் இத்தகைய தாளுக்காக வெளியூருக்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்கிறார்கள். நமக்கு அது ஆட்டோ தூரம். கரண்டியால் தேய்ப்பதற்குக் கனமில்லாத தாளாகப் பார்த்து எடுங்கள், கனத்த தாளில் கையழுத்தம் போதாது. சோதனைப் பிரதிக்கு அந்தத் தாளை வீணாக்காமல் செய்தித்தாளில் எடுங்கள்.

கற்கும்போது நல்ல படங்களையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நந்தலால் போஸ் 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிச் செதுக்கிய காந்தி லினோவை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். முழுக்கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோடுகளால் ஆன மனிதர், கையில் கோல், நடை. முகத்தில் சில வெட்டுகள்தான். ஆனால் அந்த நடையின் வேகம் நிற்கவில்லை. காந்தி 1934 பிப்ரவரி 17-ல் புதுச்சேரிக்கு வந்தார், அவருக்கு நம் கடற்கரையில் சிலையும் இருக்கிறது. அதை வரையாத தொடக்கக்காரர் இங்கே இல்லை. அடுத்த முறை அதை வரையும்போது நந்தலாலை மனத்தில் வைத்து, கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். எவ்வளவு குறைவாகச் சொன்னால் போதும் என்பது புரியும்.

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தையும் (1938–2008) தேடிப் பாருங்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் காந்திகள் கோடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சி. புதுச்சேரியில் வாழ்ந்து 2021-ல் இங்கேயே மறைந்த எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் படம் போட்டவரும் அவர்தான். அந்தக் கரிசல் மனிதர்களின் சுருக்கங்களைப் பேனாக் கோட்டால் அவர் எழுப்பிய விதத்தைப் பாருங்கள். அதில் எந்த இடத்திலும் தயக்கம் இல்லை.

கையில் பயிற்சி இல்லை, முறையான கல்வி இல்லை என்று வருந்துகிறவர்கள் சித்தபிரசாதை அறிந்துகொள்ளுங்கள். வங்கத்தில் தானாகவே வரையப் பழகியவர். 1943 பஞ்சத்தின்போது மித்னாப்பூர் மாவட்டத்தில் நடந்தே சுற்றி, பட்டினியில் செத்துக்கொண்டிருந்தவர்களை மையால் வரைந்தார். அது நூலானபோது பிரிட்டிஷ் அரசு ஏறக்குறைய எல்லாப் பிரதிகளையும் பறித்து அழித்தது. பிறகு குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி லினோவில் ஒரு வரிசை செய்தார். லினோ மலிவு, ஒரு பலகையிலிருந்து நூறு பேர் கைக்குப் படம் போய்ச்சேரும். யாருக்காக வரைகிறோம் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை அது.

அந்தக் கேள்வி நமக்கும் உண்டு. இந்த ஊரில் அழகான வாசல்கள் மட்டும் இல்லை. 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் நீண்ட சுவர்கள் இருக்கின்றன. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள், அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. தேங்காய்த்திட்டில் படகும் வலையும் இருக்கின்றன, வில்லியனூரில் சுடுமண் குதிரை செய்பவர்கள் இருக்கிறார்கள், பெரிய மார்க்கெட்டில் மீன்கார அம்மாக்களின் கைகள் இருக்கின்றன. ஆலை வேலையை முப்பது ஆண்டு செய்தவர் உங்களிலேயே இருக்கிறார். அந்த நெசவுக் கூடத்தின் உள்ளே எந்த இடத்தில் எது இருந்தது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கல்லூரி ஓவியருக்கும் தெரியாது. அவர் அதைச் செதுக்க வேண்டும். கோணல் மாணலாக வந்தாலும் செதுக்க வேண்டும்.

கொஞ்சம் பழகிய பிறகு செப்புத் தகடு பக்கம் போக ஆசை வரும், வரட்டும். அங்கே மை கீறலுக்குள் இறங்கி நிற்கிறது, மேற்பரப்பைத் துடைத்துவிடுகிறோம். கீறலுக்குள் கிடக்கும் மையை ஈரத்தாள் எட்டிப்பிடிக்கக் கடும் அழுத்தம் தேவை. அதற்கான இயந்திரம் கரும்புச்சாறு மெஷின்போல இரண்டு உருளைகளும் ஒரு சக்கரமும் கொண்டது, கரும்பு போகிற இடத்தில் தகடும் தாளும் போகும். ஆந்திரத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, 1940-களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ண ரெட்டி (1925–2018), பாரிஸில் அச்சு ஓவியர் ஹெய்ட்டரின் ‘அத்தலியே 17’ கூடத்தில் சேர்ந்து, மையின் இளக்கத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் பல வண்ணம் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். உலகெங்கும் இன்று அதைச் சொல்லித்தருகிறார்கள். நமக்கு அருகே, சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் அச்சு ஓவியக் கூடம் இருக்கிறது. தேவகோட்டையில் பிறந்து உலகறிந்த அச்சு ஓவியரான ஆர்.எம். பழனியப்பன் தலைமையேற்று நடத்திய இடம் அது. ஊரிலேயே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கு நடக்கும் மாணவர் கண்காட்சிகளைத் தவறவிடாதீர்கள். போய், கூச்சப்படாமல் கேளுங்கள். செதுக்குகிறவர்கள் கேட்டால் சொல்லித்தருவார்கள், அந்தத் தொழிலே கூடி வேலை செய்கிற தொழில்.

இதனால்தான் உங்களைக் கூட்டாக அழைக்கிறேன். வரைவது தனியாகச் செய்கிற வேலை. அச்செடுப்பதற்கு இன்னொரு கை வேண்டும். மை பட்ட கையால் வெள்ளைத் தாளைத் தொட முடியாது, ஒருவர் மை பூச இன்னொருவர் தாள் வைக்க வேண்டும். ஐந்தாறு பேர் சேருங்கள். ஒருவர் வீட்டு மொட்டை மாடி அறையோ வாடகைக்கு எடுத்த சின்னக் கடையோ போதும். ரோலரும் கண்ணாடிப் பலகையும் பொதுவில் இருக்கட்டும். பணம் சேரும்போது ஒரு சிறிய இயந்திரத்தைப் பொதுவில் வாங்குங்கள். ஆளுக்கொன்று வாங்குவது வீண்.

பிரதிகளுக்கு எண் போடும் வழக்கத்தையும் முதலிலிருந்தே நேர்மையாகக் கடைப்பிடியுங்கள். பத்துப் பிரதி எடுத்தால் கீழே இடப்பக்கம் பென்சிலால் 1/10, 2/10 என்று எழுதி, வலப்பக்கம் கையெழுத்திடுங்கள். பத்து என்று எழுதிவிட்டுப் பதினொன்றாவதை எடுக்காதீர்கள். அந்த எண் நீங்கள் கொடுக்கும் வாக்கு.

‘எனக்குக் கை வராது’ என்று மட்டும் இனிச் சொல்லாதீர்கள். கடுக்காய் நீரில் துணி தோய்த்து, கரிப்புள்ளிகளைப் பின்தொடர்ந்து கோடு இழுத்தவர்களின் ஊர் இது. அவர்களுக்கும் அது பிறப்பிலேயே வந்துவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகினார்கள்.

டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள். மழை தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பருக்குள், ஆளுக்கு ஒரு லினோ செதுக்கி முடியுங்கள். உங்கள் தெரு, உங்கள் ஆலை, உங்கள் அம்மாவின் கை, எதுவானாலும் சரி. பத்துப் பிரதி எடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைப் பாரதி பிறந்தநாளன்று கொடுத்துவிடுங்கள்: பக்கத்து வீட்டுக்கு, டீக்கடைக்கு, பிள்ளை படிக்கும் பள்ளிக்கு, நூலகத்துக்கு. புதுச்சேரிக்காரர் செதுக்கிய புதுச்சேரி, புதுச்சேரி வீடுகளின் சுவரில் இருக்கட்டும். இந்த வாரமே லினோ வாங்குங்கள்.

அன்புடன்,
உங்களோடு வரையும் ஊர்க்காரன்